விடுமுறைக்கு வருவோர் கவனத்திற்கு

3 பெப்ரவரி 1997, திங்கள்

மத்தியானம் மலேசியாக்காரி வேதவள்ளி நூலகத்துக்கு வந்தாள். புத்தகத்துக்காக அல்ல. டொமினியன் ரோட்டில் அவள் வேலை பார்க்கும் பயண ஏஜென்சியில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்களாம். நியூசிலாந்துக்கு விடுமுறைக்கு வருகிறவர்களுக்கான ஆலோசனைகள், ஆங்கிலத்தில் நாலு பக்கம். முகப்பில் ஒரு பனிமலை, அதன் முன்னால் ஒரு செம்மறியாடு. மலை இங்கிருந்து வெகுதூரம். ஆடு மட்டும் எப்சம் பக்கத்துப் பூங்காவிலேயே நிற்கும்.

"நம்ம ஆளுங்க எல்லாம் அம்மா அப்பாவைக் கூப்பிடுறாங்க சுந்தரி. வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது லா. போன வாரம் ஒரு அம்மா பை நிறைய முருங்கைக்காய். ஏர்போர்ட்ல பிடிச்சு அழ வெச்சிட்டாங்க. இதத் தமிழ்ல போட்டுக் கொடுங்களேன். நீங்கதான் படிச்சவங்க."

இந்த நாட்டில் என்னைப் படித்தவள் என்று சொல்லும் ஆள் அவள் ஒருத்திதான். பேராதனையில் புவியியல் படித்தேன், யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தேன். இங்கே திரும்பி வரும் புத்தகங்களை வண்டியில் வைத்துத் தள்ளுகிறேன். குறை சொல்லவில்லை. புத்தகங்கள் எதிர்த்துக் கதைப்பதில்லை.

செய்து தருவதாகச் சொன்னேன். அவளுக்காக அல்ல. விசா கிடைத்தால், கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கும் என் அக்காவுக்கு உதவும்.

கிடைத்தால்.

6 பெப்ரவரி, வியாழன்

வைத்தாங்கி நாள், இந்த நாட்டின் தேசிய தினம். விடுமுறை. கணவர் தவராசா புல் வெட்டுகிறார், நான் சாப்பாட்டு மேசையில்.

மொழிபெயர்ப்பு நினைத்ததைவிடக் கஷ்டம். கஷ்டம் கருத்தில் இல்லை, தொனியில். ஒவ்வொரு வாக்கியமும் பல்லைக் காட்டுகிறது. 'ஒரே நாளில் நான்கு பருவங்களையும் அனுபவியுங்கள்.' என்னத்தை அனுபவிப்பது? நனைவோம், காய்வோம். 'வெயில் கடுமையானது, தொப்பி அணியுங்கள்.' 'குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.' 'உணவகங்களில் டிப்ஸ் கொடுக்கத் தேவையில்லை.' 'உணவு, விதை, மரப்பொருள் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சப்பாத்தில் மண் இருந்தால் கழுவிவிட்டு வாருங்கள்.' இந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டேன். போன வருடம் மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு பழ ஈ அகப்பட்டதற்கு ஊரே பட்ட பாடு தெரியும். ஈக்கே அப்படியென்றால்.

கடற்கரையில் கடிக்கும் அந்தச் சின்ன ஈக்குத் தமிழில் என்ன பெயர்? எங்களுக்குக் கடற்கரையில் கடித்தவை வேறு. 'கடிக்கும் சிற்றீ' என்று போட்டேன். நடைப் பயணம் போகிறவர்கள் எங்கே போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டுமாம். 'பெறுமதியான நகைகளையும் முக்கிய ஆவணங்களின் மூலப் பிரதிகளையும் வீட்டில் பாதுகாப்பாக வைத்துவிட்டு வாருங்கள்.' இது ஒன்றுதான் தடங்கல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது.

தவராசா கை கழுவிக்கொண்டு வந்து தோளுக்கு மேலால் வாசித்தார். "நீர் எழுதினதை வாசிச்சால் வாற சனமும் நிண்டிடும்."

"நிக்கட்டும்" என்றேன். சிரித்தார்.

11 பெப்ரவரி

மழை. அக்காவின் விசா பற்றி ஒன்றும் வரவில்லை.

23 பெப்ரவரி, ஞாயிறு

மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் கூட்டுப் பிரார்த்தனை. நான் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போகிறேன், அது எல்லாருக்கும் தெரியும். யசீகரன் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தார். தமிழ்ச் சங்கத்தில் பெரிய ஆள். இங்கே வந்து இறங்கிய நாளிலேயே அகதி என்று கேட்டு உள்ளே வந்தவர். இப்போது மற்றவர்களுக்கு அந்த வழியைச் சொல்லிக் கொடுப்பது அவருக்கு இரண்டாவது வேலை. கூலி வாங்குவதில்லை, புகழ் வாங்குவார்.

"ரீச்சர், அக்கா விசிட்டராத்தான் வாறாவோ?"

"ஓம். மூண்டு மாதம்."

"நல்லது. வந்து இறங்கி, முதல் அதிகாரியைக் கண்ட உடன சொல்லோணும். திரும்பிப் போகப் பயமாக் கிடக்கு எண்டு. வேற ஒண்டும் வேண்டாம். பிறகு அவையாலை திருப்பி ஏத்தேலாது."

"அவ விடுமுறைக்கு வாறா."

"விடுமுறைக்கோ! கொட்டாஞ்சேனை லொட்ஜில இருந்தோ!" பக்கத்திலிருந்த நாலு பேருக்கும் கேட்கச் சொன்னார். சிரித்தார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவரைப் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. அகதி விண்ணப்பங்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த கதைகள் எல்லாம் ஒரே கதை. அதே சோதனைச் சாவடி, அதே அடி. வாசிக்கிறவர்கள் மடையர்களா? அக்காவின் பெயருக்குக் கீழே அப்படி ஒரு கதை ஏறக்கூடாது. மூன்று மாதம் ஒழுங்காக வந்து நிற்கட்டும். இங்கே நிற்கும்போதே சகோதரர் பிரிவில் முறைப்படி விண்ணப்பிக்கலாம். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கூடப் பிறந்தது நான் ஒருத்தி. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? பொய் சொல்லாமல், கை நீட்டாமல், நேர்வழியில்.

அக்கா இனித் திரும்பிப் போகக்கூடாது. அதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

14 மார்ச், வெள்ளி

விசா வந்துவிட்டது. லொட்ஜுக்குப் போன் பண்ணி அக்கா சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னா. இரண்டாம் தரமும் அதேதான்.

16 மார்ச், ஞாயிறு

அக்காவுக்குத் துண்டுப் பிரசுரத்தின் தமிழ்ப் பிரதியை அனுப்பினேன். கூட என் கடிதம். விண்ணப்பத்தில் 'புஷ்பவதி, விதவை, தொழில் இல்லை' என்று நிரப்பியவள் நான்தான். அங்கே அவர்கள் அதைத் திரும்பிப் போக ஒரு காரணமும் இல்லாதவள் என்று வாசித்திருப்பார்கள், எனக்குத் தெரியும். அதனால் கடிதத்தில் தெளிவாக எழுதினேன். யார் என்ன கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், எப்படி மாற்றிக் கேட்டாலும், ஒரே பதில்: தங்கச்சியைப் பார்க்க வந்தேன், ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன், மூன்று மாதத்தில் திரும்பிப் போவேன். சண்டை, பயம் என்று வாயில் வரவே கூடாது. என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அதுதான்.

அக்கா சொல்வழி கேட்கிறவ. அத்தான் இருந்த காலத்தில் அத்தான் சொல். அத்தான், ஊரே எழுந்து நடந்த 95 இடப்பெயர்வில், கொடிகாமத்தில் கண்ணை மூடின பிறகு, என் சொல்.

30 மார்ச், ஞாயிறு

ஈஸ்டர். கடை ஒன்றும் திறக்கவில்லை. அக்கா பேசினா. லொட்ஜில் போன் முதலாளியின் மேசையில் இருக்கிறது, பின்னால் நாலு பேர் நிற்பார்கள்.

"எல்லாம் வாசிச்சன். நாலு காலநிலையும் ஒரே நாளில வருமெண்டு எழுதியிருக்கிறாய். அப்ப நான் விடிய என்னத்தை உடுக்கிறது?"

"சேலைக்கு மேலை ஒரு கம்பளிக் காடிகன்."

"பின்னேரம்?"

"அதே காடிகன்."

"பிறகேன் நாலெண்டு எழுதினனீ?" சிரித்தா. பிறகு குரலைத் தணித்து, "மற்றதும் வாசிச்சன். பாடமாக்கிப் போட்டன்."

"ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னா. பள்ளிக்கூடப் பிள்ளை தேவாரம் சொல்கிற மாதிரி. ஒரு சொல் பிசகவில்லை.

"சண்டை நடக்கிறது அவைக்குத் தெரியாதோ சுந்தரி?"

"தெரியும். நீங்கள் சொல்லக்கூடாது."

"சரி. நீ படிச்சனீ."

2 ஏப்ரல்

மகள் லோஜனாவின் அறையில் இன்னொரு கட்டில் போட்டாயிற்று. கிளென் ஈடனில் ஒரு வீட்டில் விற்றதைத் தவராசா வேனில் ஏற்றி வந்தார். லோஜனா தன் மேசையைச் சுவரோடு தள்ளிக்கொண்டே, பெரியம்மா எவ்வளவு காலம் இருப்பா என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான். மூன்று மாதம் என்றேன்.

"அது விசாக்காரருக்கு, மம். எனக்குச் சொல்லுங்க." இதுவும் ஆங்கிலத்தில்.

கட்டில் விரிப்பை இழுத்துவிட்டேன். பதினேழு வயதில் நானும் இப்படித்தான் இருந்திருப்பேன். பொறுத்துக்கொள்ள முடியாத பிள்ளை.

12 ஏப்ரல், சனி

சிங்கப்பூர் விமானம் காலையில் இறங்கியது. முதலில் வியாபாரிகள், பிறகு மாணவர்கள், பிறகு குழந்தை வண்டிகள். வயோதிகர்கள் சக்கர நாற்காலியில் வந்தார்கள். ஒவ்வொரு தரமும் கதவு திறக்கும்போது லோஜனா "அதுவா? அதுவா?" என்றாள். அவளுக்குப் பெரியம்மாவின் முகம் இப்போது படத்தில் பார்த்துத்தான் தெரியும். பிறகு விமானப் பணிப்பெண்கள் சின்னப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

தவராசாவின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

நாளை எழுதுகிறேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

எழுத வேண்டும். எழுதாவிட்டால் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

அதிகாரி இளம் ஆள். மரியாதை தெரிந்தவன். எங்களை இருக்கவைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். விசா என்பது வாசல்வரை வருவதற்குத்தான், உள்ளே விடுவதற்கான அனுமதி இங்கே கொடுக்கப்படுவது என்று விளக்கினான். எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது. இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு கேட்டான்: விடுமுறைக்கு வருகிற ஒருவர் எதற்காகத் தன் பிறப்புச் சான்றிதழையும், திருமணச் சான்றிதழையும், கணவரின் மரணச் சான்றிதழையும், காணி உறுதியையும், பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் கொண்டுவருகிறார்? அதுவும் மூலப் பிரதிகளை? அத்தனையும்?

பை.

அந்தப் பையை நான் எப்படி மறந்தேன்? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும். ஷெல் குண்டு விழத் தொடங்கினால் முதலில் பை, பிறகுதான் பிள்ளை என்று பகிடி சொல்வோம். பதுங்குகுழிக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். கிணற்றடிக்குக்கூடக் கொண்டுபோய்த் துவைகல்லில் வைத்துவிட்டுக் குளிப்பார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது. இங்கே வந்து, அதிலிருந்ததை எல்லாம் அலுமாரி இழுப்பறையில் போட்டுப் பையை எறிந்துவிட்டேன். எறிந்த நாள்கூட ஞாபகம் இல்லை.

இதைத்தான் அதிகாரிக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான், இது பழக்கம், இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று. என் ஆங்கிலம் நன்றாகத்தான் இருந்தது. அவன் தலையை ஆட்டி ஆட்டி எழுதினான்.

"அப்படியென்றால் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் எப்போதும் கூடவே வைத்திருக்கிறார்?"

"ஆம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது.

அக்காவிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். மலேசியத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி போனில் மொழிபெயர்த்தாளாம். அக்காவின் பதிலை அவன் தாளைப் பார்த்து வாசித்தான்: வைத்துவிட்டு வருவதற்கு வீடு இல்லை.

தவராசா என் முழங்கையைப் பிடித்தார். தமிழில், மெல்ல, "சொல்லும். பயம் எண்டு சொல்லும். இப்ப சொல்லும்."

சொன்னேன். என் சகோதரி திரும்பிப் போகப் பயப்படுகிறா என்று சொன்னேன். வாழ்க்கையில் ஒருவர் முன்னாலும் நான் அந்தக் குரலில் கதைத்ததில்லை.

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். அதுவும் கேட்டோம், இரண்டு தரம், பயம் இல்லை, விடுமுறைக்கு வந்தேன் என்றார் என்றான். நான் திரும்பக் கேட்கச் சொன்னேன். கேட்கத் தேவையில்லாத ஆள், ஆனாலும் எழுந்து போனான். நீங்கள் சொன்னதாகவே சொல்லிக் கேட்கிறேன் என்றுகூடச் சொன்னான். அவனை எப்படிக் குறை சொல்வது? கதவு மூடியது. தவராசா சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழத்துக்கும் விதைக்கும் குறுக்கே கோடு போட்ட படம்.

திரும்பி வந்து நின்றபடியே சொன்னான். அதே பதில்.

யசீகரனுக்குப் போன் பண்ணினோம். கால் மணிக்குள் வந்துவிட்டார், வேலை உடுப்போடு. தெரிந்த சட்டத்தரணிக்கு அடித்தார், சனிக்கிழமை, ஒருவரும் எடுக்கவில்லை. இன்னொருவருக்கு அடித்தார். அக்காவைப் பின்னேர விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். காடிகனைக் கொடுத்தனுப்பினேன். அது அவவிடம் போய்ச் சேர்ந்ததா தெரியாது.

காருக்கு நடக்கும்போது லோஜனா தமிழில் கேட்டாள். "அம்மா, அவ ஏன் ஓம் எண்டு சொல்லேல்ல?"

14 ஏப்ரல்

வேலைக்குப் போனேன்.

15 ஏப்ரல்

லொட்ஜுக்கு அடித்தேன். வரவில்லை என்றார்கள்.

16 ஏப்ரல்

வரவில்லை.

17 ஏப்ரல், வியாழன்

வரவில்லை. முதலாளிக்கு அலுத்துப்போய்விட்டது. "அம்மா, வந்தா நாங்களே சொல்றோம், சும்மா சும்மா எடுக்காதீங்க" என்றான். எடுக்காமல் என்ன செய்ய? எடுக்காமல் என்ன செய்யச் சொல்லுறான்?

19 ஏப்ரல், சனி

அக்கா பேசினா. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கி, விசாரிக்கவென்று கொண்டுபோய் வைத்திருந்திருக்கிறார்கள். "அடி ஒண்டும் இல்லை. இருத்தி வைச்சுக் கேட்டவை, அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று இரண்டு தரம் சொன்னா.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவவாகவே சொன்னா.

"சுந்தரி, நான் ஒரு பிழையும் விடேல்ல. நீ எழுதினமாதிரியே சொன்னனான். பையைக் கொட்டிப் போட்டு அவங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கேக்கைதான் கொஞ்சம் தடுமாறிட்டன். நீயும் வீட்டில வைச்சிட்டு வாங்கோ எண்டுதான் எழுதியிருந்தாய். எந்த வீட்டில வைக்கிறது பிள்ளை? லொட்ஜிலையோ? அதுதான் உள்ளதைச் சொல்லிப்போட்டன்."

"பரவாயில்லை அக்கா."

"ஆனா மற்றதில அசையேல்ல. பயமோ, பயமோ எண்டு எத்தினை விதமாக் கேட்டவங்கள்! அந்த மலேசியாப் பிள்ளைக்கே அலுத்துப்போச்சு. கடைசியா அந்தப் பெடியன் திரும்பி வந்து, உங்கட தங்கச்சிதான் வெளியில நிண்டு சொல்லுறா, உங்களுக்குப் பயம் எண்டு, அது உண்மையோ எண்டு கேட்டவன். எனக்குத் தெரியாதோ இவங்கட விளையாட்டு! என்ர தங்கச்சி அப்பிடிச் சொல்லமாட்டா எண்டு சொல்லிப்போட்டன்."

"சரியோ?" என்று கேட்டா.

சரி என்றேன். சரியாச் சொன்னீங்கள் அக்கா எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்ல? சொல்லுங்கோ, ஆராவது வந்து சொல்லுங்கோ, வேற என்னத்தை நான் அவவுக்குச் சொல்ல?

20 ஏப்ரல்

தவராசாவிடம் சொல்லவில்லை. கேட்டார். இணைப்புச் சரியில்லை என்றேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

மண்டபம். போகாமல் இருந்தால் கதைப்பார்கள், அதனால் போனேன். யசீகரன் குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் தட்டில் இன்னொரு வடையை வைத்துவிட்டு, "சாப்பிடுங்கோ ரீச்சர்" என்று சொல்லிப் போய்விட்டார். குத்திக் காட்டியிருக்கலாம்.

வேதவள்ளிக்கு நடந்தது பாதிதான் தெரியும். வாசலில் பிடித்துக்கொண்டாள். தமிழ்ப் பிரசுரத்துக்கு நல்ல கிராக்கி, இன்னும் அச்சடிக்கப் போகிறார்கள், முதலாளிக்குச் சந்தோஷம்.

"ஒரு வரியை மாத்தவேணும்" என்றேன்.

"எது?"

ஆவணங்களை வீட்டில் வைத்துவிட்டு வருவது பற்றிய வரி என்றேன்.

"ஐயோ, அது நல்ல வரிதானே! டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் போதும்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். இதுல என்னா தப்பு?"

ஒரு தவறும் இல்லை. வீடு உள்ளவர்களுக்கு அது நல்ல வரி. மாற்றி என்ன எழுதுவது? வீடு இல்லாதவர்கள் அயலவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அயலவரும் இல்லாதவர்கள்? அவர்கள் விடுமுறையில் போகவேண்டாம். அதுதான் நேர்மையான வரி, அதை ஒருவரும் அச்சடிக்கமாட்டார்கள்.

அப்படியே இருக்கட்டும் என்றேன்.

9 மே, வெள்ளி

தவராசா அரை நாள் லீவு போட்டு என்னைச் சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுசி. கோப்பைப் பார்த்தா. விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர் என்று பதிவு இருக்கும்வரை இன்னொரு விசா கஷ்டம். சகோதரர் பிரிவு? முயன்று பார்க்கலாம், ஆனால் பயமில்லை என்று மூன்று தரம் சொன்னது எழுத்தில் இருக்கிறது, வீடில்லை என்றதும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வாசிக்கிற அதிகாரி அக்கா சொல்வது எதையும் நம்பமாட்டார். சட்டத்தரணி அவசரமில்லாமல் சொன்னா. நானும் வகுப்பில் இப்படித்தான் மழைநிழல் பிரதேசத்தை விளக்குவேன். மலைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் இல்லை. அதற்காக யாரும் மலையோடு கோபிக்க முடியாது.

திரும்பும் வழியில் தவராசா காரை ஓரமாக நிறுத்தினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். மூலையிலிருந்த டெய்ரிக் கடைக்குள் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

25 மே, ஞாயிறு

அக்கா. லொட்ஜில் தங்கும் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கவில்லையாம். கொழும்பில் நிற்பதற்கு முன்பு காரணம் இருந்தது, விசாவுக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லலாம். இப்போது என்ன காரணம் என்று கேட்கிறார்கள்.

"நான் என்னெண்டு சொல்ல?" என்று என்னைக் கேட்டா.

என்னைக் கேட்டா. இன்னும் என்னைத்தான் கேட்கிறா.

எனக்குத் தெரியாது அக்கா என்றேன். என் வாயிலிருந்து அவ அதை முதன்முறை கேட்டிருப்பா. பிறகு, "சரி, நான் பாக்கிறன்" என்றா.

1 ஜூன்

லோஜனா மற்றக் கட்டிலை மடிக்கட்டுமா என்று கேட்கவில்லை. அதன் மேல் தன் பாடப் புத்தகங்களைப் பரப்பத் தொடங்கியிருக்கிறாள்.

15 ஜூன், ஞாயிறு

குளிர். சுவரெல்லாம் ஈரம். லொட்ஜுக்கு அடித்தேன். அந்த அம்மா திருகோணமலைக்குப் போய்விட்டா என்றார்கள். அங்கே எங்கே? தெரியாது. வேறு ஏதாவது சொல்லிவிட்டுப் போனாவா? இல்லை.

22 ஜூன்

ஒன்றுமில்லை.

6 ஜூலை, ஞாயிறு

பின்னேரம் மூன்று மணியளவில் போன். திருகோணமலையில் காசு கொடுத்துப் போன் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து அக்கா. பின்னால் சனம் இரைந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற கப்பலுக்குப் பெயர் பதிந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறா. இன்று கப்பல்.

"கோப்பாயில எங்கட வீட்டுச் சுவர் நிக்குதாம். ஆக்கள் பாத்தவை. கூரைக்கு ஏதாவது பாத்துப் போடலாம். கிணறும் இருக்கு."

"ஆர் இருக்கினம் அங்க?"

"கொஞ்சம் கொஞ்சமாச் சனம் வருகுதாம். வராட்டில் நான்தான் முதல் ஆள்." சிரித்தா. "அங்கை போன் இல்லை. கடிதம் எப்பவாவது கப்பலில வரும். நீ பாத்துக்கொண்டிராதை."

நான் ஏதோ சொன்னேன். சாப்பாட்டுக்கு, மருந்துக்கு, பணம் அனுப்புவதற்கு, இப்படி. அவ ஓம் ஓம் என்றா. எவருக்கோ இடம் விட்டுத் தள்ளி நின்றா போல, குரல் ஒருமுறை தூரமாகிப் பிறகு கிட்ட வந்தது. கேட்கவேண்டியது ஒன்றுதான் மிச்சம். அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

"அக்கா, போகப் பயமா இருக்கோ?"

"ஆர் கேட்கினம்?" என்றா.

"நான்தான் அக்கா. வேற ஒருத்தரும் இல்லை."

கடைக்காரன் யாரையோ அடுத்து வரச் சொன்னது கேட்டது.

"நீ கேக்கிறதெண்டால்" என்றா அக்கா, "ஓம்."